ஏழு வினாடி மெஜஸ்டிக்

துடைப்பக்காரர் ஊரில் இல்லாத எட்டு நாளுக்குள் கடைத்தெருவுக்கு மகத்துவம் வந்து சேர்ந்திருந்தது.

மலையடிவாரத்தில் துடைப்பப் புல் அறுக்கிறவர்களிடம் விலை பேசி முடித்து, நாற்பது கட்டுச் சரக்கோடு ஒன்பதாம் நாள் காலை லாரியிலிருந்து குதித்தவருக்கு, டிரைவர் தெரு மாற்றி இறக்கிவிட்டானோ என்று சந்தேகம். குடை ரிப்பேர் செய்கிறவரின் பொந்துக்கு மேலே 'ராயல்' என்று தங்க எழுத்து மின்னியது. சவரக்கடை 'ரீகல்' ஆகியிருந்தது. மனு டைப் அடித்துக் கொடுக்கிறவருக்கு ஆஸ்தி என்று பார்த்தால் ஒரு மேஜை, ஒரு மிஷின், மூன்று காலில் நிற்கும் நாற்காலி ஒன்று. அவர் தலைக்கு மேல் 'கிராண்ட்' காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பொத்தான் கடைக்காரர்தான் உச்சம். அவர் கடைக்குள் இரண்டு பேர் நின்றால், ஒருவர் மூச்சை இழுக்கும்போது மற்றவர் விடவேண்டும். அந்தக் கடைக்கு 'இம்பீரியல்'. பலகை கடையைவிட ஒன்றரை அடி நீளம் என்பதால் மிச்சத்தைப் பக்கத்துச் சுவரில் அடித்திருந்தார்.

"என்னண்ணே இது? யாராவது மந்திரி வர்றாரா?" என்று அவரிடம் கேட்டார் துடைப்பக்காரர்.

"மந்திரின்னா வந்தோம் போனோம்னு இருப்பார். இது போகாது. வாரியம்!" என்றார் பொத்தான் கடைக்காரர். அவர் குரலே கொஞ்சம் கனத்திருந்தது. "நீ எந்த வார்த்தை எடுத்திருக்கே?"

"என்ன வார்த்தை?"

பொத்தான் கடைக்காரர் ஒரு சக்கரவர்த்திக்கு உரிய இரக்கத்தோடு அவரைப் பார்த்தார். "சரி. உன் கதை முடிஞ்சுது."

நடந்தது இவ்வளவுதான். வெளியூர்ப் பிரமுகர் ஒருவர் அந்தத் தெருவில் நடந்து போயிருக்கிறார். போகிறபோது நகரசபையின் பார்வையாளர் புத்தகத்தில் கருத்து எழுதச் சொன்னார்கள். அவர் ஒரே ஒரு சொல் எழுதினார்: 'ஆர்டினரி'. அந்தச் சொல் நகரசபையின் நெஞ்சில் தைத்தது. மூன்று கூட்டம் கூடினார்கள். தெருவைப் பெருக்கலாமா, சாக்கடையை மூடலாமா என்று சில அல்பர்கள் கேட்டதாகவும், அவர்கள் உட்கார வைக்கப்பட்டதாகவும் கேள்வி. கடைசியில் மாட்சிமைச் சொல் வாரியம் பிறந்தது. தெருவில் உள்ள ஒவ்வொரு கடையும், மாட்சிமையைக் குறிக்கிற இங்கிலீஷ் சொல் ஒன்றை வாரியத்திடம் வாங்கிப் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சொல் ஒரு கடைக்குத்தான். மாட்டாத கடையின் கதவுக்குக் குறுக்கே கட்டையை வைத்து ஆணி அடித்துவிடுவார்கள்.

துடைப்பக்காரரின் கடை எட்டுக்குப் பத்து. அதில் குச்சித் துடைப்பம், புல் துடைப்பம், ஒட்டடைக் கம்பு, மிதியடி. மூலையில் ஒரு ஸ்டூல், அதில் வீட்டுக்காரி. இருபது வருஷமாக அந்தக் கடைக்குப் பலகையே கிடையாது. வாசலில் ஒரு துடைப்பம் தொங்கும். படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். அந்தக் கடைதான் இரண்டு பேருக்கும் சோறு, வீடு, கௌரவம் எல்லாம். கட்டை விழுந்தால் நாற்பது கட்டுப் புல்லையும் மாட்டுக்குத்தான் போடவேண்டும். அந்த மாடும் அவரிடம் இல்லை.

அன்றே வாரியத்துக்கு ஓடினார்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க், மர அலமாரியின் நூறு சின்ன அறைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் காலி. கடைசி அறையில் ஒரு சீட்டு இருந்தது.

"மெஜஸ்டிக். இது ஒண்ணுதான் மிச்சம்."

"வேற சின்னதா ஒண்ணு பாருங்க சார். எட்டுக்குப் பத்துக் கடை. ஒரு 'நைஸ்' இருந்தாக்கூடப் போதும்."

"நைஸ் குணத்துல சேரும். அது வேற டிபார்ட்மெண்ட்."

"ஸ்ப்ளெண்டிட்?"

"செருப்புக் கடைக்குப் போயாச்சு."

"மெக்னிஃபிசென்ட்னு ஒண்ணு இருக்காமே?"

"பலகையில இடம் பத்தலைன்னு மூணு பேர் திருப்பிக் குடுத்தாங்க. நாலாவதா வந்த பஞ்சர் கடைக்காரர் பாதியை மடிச்சு மாட்டிக்கறேன்னு வாங்கிட்டுப் போயிட்டார்."

துடைப்பக்காரர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். சந்தையில் பிறந்து சந்தையில் வளர்ந்தவர். கடைசிச் சரக்கு என்று எவன் சொன்னாலும் அங்கே பேச்சு ஆரம்பமாகிறது என்று அவருக்குத் தெரியும்.

"சார், நமக்குள்ள என்ன? மெஜஸ்டிக்ல பாதி குடுங்க."

"இது என்ன துணியா, கிழிச்சுக் குடுக்க?"

"அப்ப முன்னால 'ஜூனியர்'னு போட்டுக்கறேன். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

கிளார்க் ஒரு கணம் யோசித்தே விட்டார். பேரம் என்று ஒன்று எதிரே வந்து நின்றால் அரசாங்க மேஜைக்குக்கூட மனம் அசையும். ஆனால் அதற்குள் பின்னால் இருந்த கதவு திறந்து வாரியத் தலைவர் வெளியே வந்துவிட்டார். கிளார்க் எழுந்து நின்றார். துடைப்பக்காரர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

தலைவர் அவரைத் தன் அறைக்கே அழைத்துப் போனார். வாரியம் பொதுமக்களிடம் விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டது என்று சட்டத்தில் இருந்ததாம்.

"நான் ஒரு சாதாரண மனுஷன். அதனாலதான் சாதாரணத்தைக் கண்டா எனக்குப் பொறுக்கிறதில்லை" என்று ஆரம்பித்தார் தலைவர். "எல்லாரும் என்கிட்ட கேக்கறாங்க, ஏன் இங்கிலீஷ்னு. நம்ம பாஷையில 'பெரிய'ன்னு சொல்லிப் பாருங்க. பெரியப்பா வருவார், பெரியம்மா வருவாங்க, பெரிய வெங்காயம்கூட வரும். மரியாதை எங்க வரும்? புரியற வார்த்தைக்கு எவன்யா பயப்படுவான்?"

"அது சரிங்க சார்."

"ஆனா வார்த்தையை வாங்கி மாட்டிட்டா ஆச்சா? தகுதி வேண்டாமா? அதுக்குத்தான் வினாடிக் கணக்கு. கிராண்ட்னா, வர்றவன் பார்த்ததும் 'அடேயப்பா'ங்கணும். ரெண்டு வினாடி நிக்கணும். ராயல்னா மூணு வினாடி, ஒரு அடி பின்வாங்கணும். இம்பீரியல்னா அஞ்சு, அதோட வேற இடத்துல ஒரு கிளையும் வேணும். கிளை இல்லாம என்ன சாம்ராஜ்யம்?"

"பொத்தான் கடைக்காரருக்கு ஏது சார் கிளை?"

"அவர் மச்சினி வீட்டு பீரோ மேல ஒரு டப்பா பொத்தான் வெச்சிருக்கார். நாங்களே நேர்ல போய் ஆய்வு பண்ணினோம். கொடிகூட வெச்சிருந்தாங்க." தலைவரின் குரல் தழுதழுத்தது. "மெஜஸ்டிக் எல்லாத்துக்கும் மேல. அதுல 'அடேயப்பா'கூட வரக்கூடாது. வாய் திறக்கணும், வார்த்தை வரக்கூடாது. ஏழு வினாடி. மூணு வாடிக்கையாளர். மூணு பேரும்."

"துடைப்பத்தைப் பார்த்தா சார்?"

"அது உங்க திறமை" என்று சொல்லி எழுந்து கைகொடுத்தார் தலைவர்.

வீட்டுக்காரி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை வாங்கத் தெரியாதா உங்களுக்கு? கடை அளவு என்ன, இது அளவு என்ன? சட்டை எடுக்கப் போனா மட்டும் தோளுக்கு வெச்சு நாலு தடவை பார்க்கத் தெரியுது."

"இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு."

"கடைசிச் சரக்கை எவனாவது சொன்ன விலைக்கு எடுப்பானா? நான் வந்திருக்கணும்."

மறுநாள் வியப்பளவர் வந்தார். அது அவருடைய பதவியின் பெயர். மடக்கு நாற்காலி ஒன்றை மூலையில் விரித்து, கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, "நான் இருக்கறதையே மறந்துடுங்க" என்றார். எட்டுக்குப் பத்துக் கடையில் அது சுலபமில்லை. அவர் முழங்கால் மிதியடிக் கட்டுக்குள் இருந்தது.

முதல் வாடிக்கையாளர் ஒரு பெண்மணி. உள்ளே வந்தாள், ஒரு துடைப்பத்தை உருவினாள், தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள், "எவ்வளவு?" என்றாள்.

"பூஜ்யம்" என்று எழுதினார் வியப்பளவர்.

அன்று மாலை வரை பூஜ்யம்தான். ஒருவர் மட்டும் உள்ளே வந்து நான்கு வினாடி அசையாமல் நின்றார். துடைப்பக்காரர் சாமியை வேண்டிக்கொண்டார். ஐந்தாவது வினாடியில் வந்தவர், "நான் என்ன வாங்க வந்தேன்?" என்று கேட்டார்.

"மறதி வியப்புல சேராது" என்று அந்த நாலு வினாடியை அடித்துவிட்டு எழுந்தார் வியப்பளவர். "பத்து நாள் அவகாசம். அப்புறம் ஒரே ஒரு தடவை வருவேன். தேறலைன்னா என்கூட ஆணிக்காரரும் வருவார்."

பத்து நாளும் துடைப்பக்காரர் பட்ட பாடு சொல்லி முடியாது. புல் துடைப்பங்களை விரித்துச் சுவர் முழுக்க மயில் தோகை மாதிரி கட்டினார். வந்தவர்களுக்குத் தும்மல் வந்தது, வியப்பு வரவில்லை. சவரக்கடைக்காரர் ஒரு பழைய கண்ணாடி இரவல் கொடுத்தார். அதை எதிரே மாட்டினால் உள்ளே வருகிறவர்கள் ஏழு வினாடி என்ன, அரை மணி நேரம் நின்றார்கள். ஆனால் தலை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்காரியின் தம்பிக்குக் கறுப்புக் கோட்டு வாடகைக்கு எடுத்து வாசலில் விறைப்பாக நிறுத்திப் பார்த்தார். தெருவில் போனவர்கள் குரலைத் தாழ்த்தி, "எப்ப எடுக்கறாங்க?" என்று விசாரித்துவிட்டு, செருப்பை வெளியே விட்டு வந்தார்கள்.

"குடைக்காரர் எப்படித் தேறினார்?" என்று பொத்தான் கடைக்காரரிடம் போய்க் கேட்டார்.

"ஆள் உள்ள வந்ததும் மூஞ்சிக்கு நேரா டபால்னு ஒரு குடையை விரிச்சுட்டான். மூணு வினாடி நின்னு, ஒரு அடி பின்வாங்கினாங்க. ராயல்."

"அது பயமில்லையா?"

"பயம் செல்லும்னு ரூல் இருக்காம். பயமும் வியப்பும் பங்காளிங்கதானாம்."

ஒன்பதாம் நாள் சாயங்காலம் துடைப்பக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்காரி கடைசியாக வந்த ஆளிடம் பேரம் முடித்து, காசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

"அவங்களுக்கு என்னதான் வேணுமாம்? திரும்பச் சொல்லுங்க."

"வர்றவன் வாயைப் பிளந்துட்டு நிக்கணும். பேச்சு வரக்கூடாது. ஏழு வினாடி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா!"

"இருபது வருஷமா முதல் விலை சொல்லும்போது நான் வேற என்ன பண்ணிட்டிருக்கேன்? முப்பதுக்குப் போற சரக்கை எழுபதுன்னா ஒரு வினாடி வாயைப் பிளப்பான். கொஞ்சம் கூட்டிச் சொல்லணும், அவ்வளவுதான். நாளைக்கு நீங்க வாயைத் திறக்காம நில்லுங்க, போதும்."

மறுநாள் வியப்பளவர் மூலையில் அமர்ந்தார். வாசலில் ஆணிக்காரர் சுத்தியலோடு நின்றார். நல்ல மனிதர்; காத்திருக்கும் நேரத்தில் கதவுச் சட்டத்தை அளந்து கட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு நர்ஸம்மா. பழைய வாடிக்கை. "குச்சித் துடைப்பம் ஒண்ணு. எவ்வளவுக்கா?"

"மூவாயிரம்" என்றாள் வீட்டுக்காரி.

நர்ஸம்மாவின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. வியப்பளவரின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியது. ஒன்பதாவது வினாடியில்தான் அவள் கண் சிமிட்டினாள். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல், நோயாளி அறையை விட்டு வருவதுபோல மெல்லப் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினாள்.

அடுத்தது லாண்டரிக்காரர். ஒரு கை பாக்கெட்டை நோக்கிப் பாதி வழி போயிருந்தபோது விலை காதில் விழுந்தது. அந்தக் கை அங்கேயே நின்றது. பதினான்கு வினாடி. வியப்பளவர் ஸ்டாப்வாட்ச்சைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது ஆள் பள்ளிக்கூட வாட்ச்மேன். உலகம் பார்த்தவர். விலையைக் கேட்டதும் மற்றவர்களைப்போல வாயைத் திறந்தார், ஆனால் நான்காவது வினாடியில் அந்த வாயிலிருந்து "அடே..." என்று கிளம்பிவிட்டது. 'யப்பா' மட்டும் வந்து சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது.

"கைப்பிடி தனி விலை" என்றாள் வீட்டுக்காரி அமைதியாக.

'யப்பா' வரவில்லை. வாட்ச்மேனின் உதடுகள் மீன்போல இரண்டு தடவை அசைந்தன. அப்படியே மிதியடிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அரை வார்த்தையைத் தள்ளிவிட்டு அதற்கப்புறம் எண்ணியதிலேயே பதினோரு வினாடி.

வியப்பளவர் எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கடை பார்த்ததில்லை. இம்பீரியல் கடையில மூச்சு முட்டி நின்னாங்க. இங்க மூச்சே இல்லாம நின்னாங்க." ஆணிக்காரர் கட்டையில் இருந்த பென்சில் குறியை வருத்தத்தோடு அழித்தார்.

மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது. சிவப்பு முத்திரை, தங்க ஓரம். துடைப்பக்காரர் அதைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். இந்தக் கடையின் மாட்சிமை மூவாயிரம் என்ற விலையினால் உண்டானது என்பதால், விலையில் ஒரு காசு குறைப்பதும் மாட்சிமையைக் குறைப்பதாகும். குறைத்தாலோ, பேரம் பேச இடம் கொடுத்தாலோ, மறுவிசாரணை இல்லாமல் கதவில் ஆணி.

பதினோரு நாள் ஒரு துடைப்பம் போகவில்லை. மக்கள் எட்டி நின்று கடையைக் காட்டிக் குழந்தைகளிடம் ஏதோ சொன்னார்கள். யாரும் படி ஏறவில்லை. அக்கம்பக்கமும் அதே கதிதான். குடைக்காரரிடம் முகத்தைக் கொடுக்க ஆளில்லை. இம்பீரியல் பட்டன்ஸில் பாதி வியாபாரம் கிளையில்தான் நடக்க வேண்டும் என்று விதி. ஒரு சட்டைக்கு ஆறு பொத்தான் வேண்டும் என்றால் மூன்றை இங்கே வாங்கிவிட்டு, மிச்சம் மூன்றுக்கு மச்சினி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். மச்சினி பகலில் தூங்குகிற சுபாவம்.

பன்னிரண்டாம் நாள் காலை வீட்டுக்காரி பேசாமல் எழுந்து, கடையின் பின்சுவரில் இருந்த சின்னக் கதவின் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தாள். அந்தப் பக்கம் கைவண்டிகள் நிற்கிற சந்து. பலகை இல்லை, பெயர் இல்லை. ஆகவே வாரியமும் இல்லை. ஒரு துடைப்பத்தை வெளியே தொங்கவிட்டாள்.

"ஏம்மா, தெரிஞ்சுதுன்னா ஆணிதான்!" என்றார் துடைப்பக்காரர்.

"முன்னால நீங்க மெஜஸ்டிக்கா நில்லுங்க. பின்னால நான் வியாபாரம் பண்றேன்."

ஒரு வாரத்தில் சந்து முழுக்கக் கதவுகள் திறந்துகொண்டன. பின்பக்கம் ஜனம் நெரிந்தது. தள்ளுமுள்ளு, கூச்சல், "அக்கா கொஞ்சம் பார்த்துப் போடுங்க", "உனக்குன்னா சொல்றேன்", "அப்ப வேற கடை பார்க்கறேன்", எல்லாம். முன்பக்கம் தங்க எழுத்துகளின் கீழே கடைக்காரர்கள் தனித்தனியாக, சிலைகள் மாதிரி நின்றார்கள். ஈ பறந்தால் தெருக்கோடி வரை கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் தலைவர் நேரில் ஆய்வுக்கு வந்தார். கூடவே வியப்பளவர், எழுதுபலகையோடு. தெருவின் நடுவில், சரியாக மெஜஸ்டிக் பலகைக்கு எதிரே வந்து நின்றார் தலைவர். இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். ஆள் இல்லை, சத்தம் இல்லை, பேரம் இல்லை. அவர் வாய் மெல்லத் திறந்தது. வியப்பளவர் பழக்கதோஷத்தில் பொத்தானை அமுக்கினார். நாற்பத்தோரு வினாடி.

"இதுதான்" என்றார் தலைவர் கடைசியில். "இதைத்தான் நான் கனவு கண்டேன். வாங்கறவன் வந்து அசிங்கப்படுத்தாத ஒரு கடைத்தெரு. சாதாரண ஜனங்க இருக்கற வரைக்கும் எந்த இடமும் மெஜஸ்டிக்கா இருக்க முடியாது. எழுதிக்கோய்யா."

வியப்பளவர் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது கடைக்குள்ளிருந்து, மயில் தோகைக்குப் பின்னாலிருந்து, ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது.

"நாப்பதா? என்ன அநியாயம்! போன தடவை முப்பதுக்குத்தானே குடுத்தே? அப்பவே ரெண்டு நாள்ல உதிர்ந்துடுச்சு!"

துடைப்பக்காரர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறைத்தார். கடை, சான்றிதழ், இருபது வருஷம் எல்லாம் கண் முன்னால் ஒரு தடவை ஆடியது. "சார், அது வந்து... பின்னாடி சந்துல... யாரோ போறவங்க..."

தலைவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் இருந்த மாட்சிமை, கழுவிவிட்டதுபோல, நெற்றியிலிருந்து தாடை வரை வரிசையாக இறங்கிப் போயிற்று.

"இருபத்தஞ்சு! அதுக்கு மேல ஒரு காசு தரமாட்டேன். என் வீட்டுக்காரர் யாருன்னு தெரியுமில்ல?" என்றது குரல்.

வியப்பளவரின் பேனா நின்றது. "சார், பேரச் சத்தம் கேக்குது. என்னன்னு எழுதட்டும்?"

"காத்து" என்றார் தலைவர்.

"காத்து விலை கேக்குது சார்."

"பலமான காத்து. எழுதிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுய்யா, ரீகல் பலகை நேரா இருக்கான்னு பாரு."

வியப்பளவர் சவரக்கடைப் பக்கம் போகும்வரை காத்திருந்து, தலைவர் துடைப்பக்காரரின் தோளில் கைபோட்டு உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். குரல் கிசுகிசுப்பாகியிருந்தது.

"அது எங்க வீட்டம்மா. கேட்ட விலைக்கே குடுத்துடச் சொல்லுங்க. கூடக் குடுத்துட்டு வந்தாள்னா, ஊருக்கெல்லாம் பலகை மாட்டத் தெரியுது, ஒரு துடைப்பம் விலை குறைக்கத் துப்பில்லையான்னு ஒரு வாரம் எனக்குத்தான் பேச்சு. இருபத்தஞ்சு."

துடைப்பக்காரருக்குப் பயம் இன்னும் தெளியவில்லை. ஆனால் எதிரே ஒரு மனிதன் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் வாய் அவர் வசம் இல்லை.

"கட்டுப்படியாகாது சார். இருபத்தொன்பது."

"இருபத்தேழு."

"மெஜஸ்டிக் கடை சார். இருபத்தெட்டரைக்குக் கீழ இறங்கினா உங்க வாரியத்துக்கே மரியாதை இல்லை."

தலைவர் வாசலை எட்டிப் பார்த்தார். காலியான தெரு ஜொலித்துக்கொண்டிருந்தது. ஆணிக்காரர் எதிர்வாடையில் வேலையில்லாமல் கொட்டாவி விட்டார்.

"சரி, இருபத்தெட்டரை. அவகிட்ட இருபத்தஞ்சு வாங்கிக்கோங்க, மிச்சம் மூணரை நான் தர்றேன்" என்றார் தலைவர். "ஒட்டடைக் கம்பு ஒண்ணு இனாமா போடுவீங்கல்ல?"